ஆழ்மனம் என்று சொல்லிவிட்டால் போதுமா?

ஒரு கவிதையைப் பற்றி மேற்கொண்டு யாரும் பேசாமல் இருக்க வேண்டுமா? ‘ஆழ்மனத்திலிருந்து எழுந்தது’ என்று சொல்லிவிடுங்கள், போதும். பின்னட்டை, முன்னுரை, விருதுக் குறிப்பு, வெளியீட்டு மேடை என்று எங்கே திரும்பினாலும் இந்த முத்திரைதான். பாம்பு வந்தால் அது காமம். குளமோ கிணறோ வந்தால் நனவிலி. கிழவி வந்தால் ஆதித்தாய். தறி வந்தால் விதி, இழை அறுந்தால் மரணம். கிளி ஜோசியத்தில் கிளி எந்தச் சீட்டை எடுத்தாலும் வந்தவருக்குப் பொருந்திவிடுகிற மாதிரி, இந்த அகராதியும் எல்லாக் கவிதைக்கும் பொருந்திவிடுகிறது. பொருந்தாத கவிதை ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை என்பதுதான் என் முதல் சந்தேகம்.

எதிர்க்கருத்தை அதன் நல்ல வடிவத்திலேயே எடுத்துக்கொள்கிறேன். உளவியலாளர் யுங் வழியில் வருகிறவர்கள் சொல்வது இதுதான். தனிமனிதனின் நினைவுக்கும் மறதிக்கும் அடியில் மனித குலத்துக்கே பொதுவான ஓர் அடுக்கு இருக்கிறது. தொல்படிமங்கள் அங்கே உறைந்திருக்கின்றன. கனவு, புராணம், பெரிய இலக்கியம் எல்லாம் அங்கிருந்தே கிளம்புகின்றன. எழுதுகிறவனுக்கே தெரியாமல் வருவதால்தான் அவற்றுக்கு அத்தனை வலு. ஆக, எழுத்தாளன் தெரிந்து செய்தது மேலோட்டம், தெரியாமல் செய்தது ஆழம். சி.சு. செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’ தொடங்கியபோது, படிமம் எப்படிக் கட்டப்படுகிறது என்று வரிவரியாக மல்லுக்கு நின்றவர்கள் இருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் கட்டுமானத்தை விட்டுவிட்டு ஊற்றுக்கண் தேடக் கிளம்பிவிட்டார்கள்.

மனத்தில் நமக்கே தெரியாத இடங்கள் கிடையாது என்று வாதிட நான் வரவில்லை. என் மறுப்பு வேறு. ஒரு குறியீட்டுக்கு வலு வருவது அது உலகத்துக்கே பொதுவாக இருப்பதால் அல்ல. ஒரு கூட்டத்தார் அதைத் தெரிந்து, பழகி, இன்ன இடத்தில் இன்னாரிடம் என்று பார்த்துக் கையாள்வதால் வருகிறது. ஆளையும் ஊரையும் கழற்றிவிட்டால் ஆழம் குறைகிறதே தவிரக் கூடுவதில்லை.

நான் சேவூர்க்காரன். ஆரணியை ஒட்டிய ஊர். பட்டுத்தறிச் சத்தம்தான் ஊருக்குக் காலைச் சத்தம். ஆரணிப் பட்டு காஞ்சிப் பட்டைவிட இலேசு, விலையும் கைக்கு அடக்கம் என்பார்கள். கரையில் யாளி ஓடும், அன்னம் நிற்கும், மாங்காய் காய்க்கும், ருத்ராட்சம் கோத்திருக்கும், சில புடவைகளில் இருதலைப்பட்சி இறக்கை விரிக்கும். ஆழ்மனக்காரர்களுக்கு இதைவிட நல்ல வேட்டைக்காடு வேறெங்கும் அமையாது. வெளியூரிலிருந்து கைத்தறியைப் பற்றி எழுத வந்த ஒருவர் என் பெரியப்பாவிடம், “இந்த யாளியை நெய்யும்போது உங்க மனசுக்குள்ள என்னங்கய்யா தோணும்?” என்று கேட்டார். பெரியப்பா நாடாவை நிறுத்தாமலே, “அட்டையில இன்னா கீதோ, அதாங்க தறியில வரும்” என்றார். கேட்டவர் முகம் தொங்கிவிட்டது. ஆனால் அச்சில் வந்த கட்டுரையில் அந்த யாளி, நெசவாளியின் ஆழ்மனத்தில் உறங்கும் ஆதி அச்சமாக எழுந்து நின்றது.

பெரியப்பா சொன்னதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். தறிக்கு மேலே ஜக்காடு பெட்டி. அதில் மாலைபோலக் கோத்த அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் கொக்கி பாவிழையைத் தூக்கும், இல்லாத இடத்தில் இழை கிடக்கும். அந்த நேரத்தில் ஊடை ஓடினால் யாளியின் ஒரு மயிரிழை முடிந்தது. அடுத்த அட்டை, அடுத்த ஊடை. யாளி முழுதாக எழுந்து நிற்பதற்குள் எத்தனை அட்டை திரும்ப வேண்டும் என்பது யாளியின் உயரத்தைப் பொறுத்தது. அன்னங்கள் ஏன் எப்போதும் எதிரெதிரே நிற்கின்றன? எதிர்மறைகளின் சங்கமம் என்று ஒரு விளக்கம் தயாராக இருக்கும். பாதிப் படத்தை அப்படியே திருப்பிப் போட்டால் கொக்கி பாதி போதும் என்பது தறிக்காரரின் விளக்கம். இரண்டாவதைத் தெரிந்துகொள்ளாமல் முதலாவதைச் சொல்லக் கூடாது என்பதுதான் என் கோரிக்கை. மாங்காயும் அப்படித்தான். அதே உருவத்தை ஈரானில் சைப்ரஸ் மரமாகப் பார்க்கிறார்கள். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் காஷ்மீர்ச் சால்வையைப் பார்த்து லட்சக்கணக்கில் நெய்தார்கள். அங்கே யாருக்கும் மாங்காய் நினைவுக்கு வந்திருக்காது. உருவம் ஒன்றாகவே இருந்தும் கருத்து ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது.

அதற்காக நெசவாளிக்கு உள்வாழ்க்கை கிடையாது என்று அர்த்தமா? அப்படி நினைத்தால் அது இன்னொரு அவமரியாதை. அவருக்குக் கலக்கம் இருக்கிறது, ஆனால் அது யாளியில் இல்லை. பாவு தீரும் நாளில் இருக்கிறது. கடைசிப் புடவையை அறுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த பாவு எப்போது வரும் என்று முதலாளி வீட்டுப் பக்கமோ சங்கத்துப் பக்கமோ பார்த்துக்கொண்டிருக்கும் நாட்களில், பாவில்லாத தறி வீட்டுக்குள் கிடக்கிற கிடப்பு இருக்கிறதே, அதைப் பார்த்துப் பெண்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். எங்கள் தெருவில் அச்சத்துக்கு ஒரு படிமம் தேடினால் அதுதான். எந்தக் குறியீட்டு அகராதியிலும் அது கிடைக்காது. அங்கே உட்கார்ந்து பார்த்தால் கிடைக்கும்.

இனி இலக்கியம். நம்மிடம் குறியீட்டுக்கு ஒரு பழைய இலக்கணமே இருக்கிறது. தொல்காப்பியம் உள்ளுறையைப் பற்றிப் பேசும்போது, அதற்கு நிலைக்களம் கருப்பொருள் என்கிறது: அந்தந்த நிலத்து விலங்கு, பறவை, மரம், தொழில். கருப்பொருளில் தெய்வமும் ஒன்று. ஆனால் உள்ளுறைக்குத் தெய்வம் மட்டும் ஆகாது என்று அதை விலக்கியும் வைக்கிறது. தொல்படிமக் கோட்பாடு எதை முதலில் எடுக்கிறதோ, அதை முதலிலேயே கழித்துக் கட்டிய இலக்கணம் இது. உள்ளுறை என்பது சாமியைப் பார்த்துச் சிலிர்ப்பதல்ல. மருதத்து எருமை வயலுக்குள் புகுந்து தாமரையை மிதித்து மேய்கிறது என்று தோழி சொல்கிறாள். பரத்தை வீட்டிலிருந்து திரும்பிய தலைவன் வாசலில் நிற்கிறான். அவனுக்குத் தைக்க வேண்டும், ஆனால் பதில் பேச வாய் எழக்கூடாது. இது நனவிலியிலிருந்து கசிந்தது அல்ல, குறிபார்த்து எறிந்தது. சொல்கிறவளுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும், உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் தலைவிக்கும் தெரியும். மூன்று பேருக்கும் தெரிந்திருப்பதால்தான் அந்த வாசலில் அத்தனை இறுக்கம். எருமை என்பது அடக்கப்படாத மிருக உணர்ச்சி என்று பொதுவில் எழுதி முடித்துவிட்டால் தோழியின் சாமர்த்தியம் எங்கே போகும்?

பரணி நூல்களில் பேய்கள் களத்தில் கூழ் அடுவதைக் கவிஞனின் ‘நிழல்’, அவன் தனக்குள் ஒளித்துவைத்த இருட்டு, என்று வாசிப்பதும் இதே ரகம்தான். பேயும் காளியும் காடும் கூழும் இல்லாமல் பரணியே கிடையாது. அவை அந்த இலக்கிய வகையின் உறுப்புகள். செங்குந்தர் மரபினர் தங்களவர் என்று கொண்டாடும் ஒட்டக்கூத்தர் தக்கயாகப்பரணியில் கூழ் காய்ச்ச வைத்தார் என்றால் ராத்திரி கெட்ட கனவு கண்டு எழுந்து எழுதினார் என்று பொருளல்ல. ஏற்கெனவே எல்லோரும் அறிந்த கூழைத் தன் கையால் எப்படிக் காய்ச்சினார் என்பதே வாசகன் பார்க்க வேண்டியது.

கனவு என்று வந்துவிட்டால் ஆழ்மனம் தவிர்க்க முடியாது என்பார்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் கனவு காண்கிறாள், கோவலனும் காண்கிறான், பாண்டிமாதேவியும் காண்கிறாள். கண்ணகி தன் கனவைத் தேவந்தியிடம் சொல்கிறாள்: கணவன் கைபிடித்துப் பெருநகர் ஒன்றுக்குப் போனது, பொல்லாத பழி விழுந்தது, அரசன் முன் வழக்குரைத்தது, ஊருக்கே தீங்கு வந்தது. தேவந்தி உடனே பரிகாரம் சொல்கிறாள்: சோமகுண்டம், சூரியகுண்டம் இரண்டிலும் நீராடிக் காமவேளைத் தொழு, கணவன் திரும்பி வருவான் என்கிறாள். கண்ணகி மறுத்துவிடுகிறாள், அது தனக்குத் தகாது என்று. அந்தக் காதையில் கண்ணகியின் உள்ளம் எங்கே இருக்கிறது? கனவிலா, மறுப்பிலா? கனவு அவளுக்கு வந்தது. மறுப்பை அவளே சொன்னாள். இளங்கோவடிகள் கனவைச் சுருக்கமாக முடித்துவிட்டு இந்த மறுப்பை நடுவில் நிறுத்துகிறார். நம் ஆழ்மன வாசகர்களோ மதுரை எரிந்த நாளில் போய் ஆதித்தாயின் சீற்றம் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரு வீட்டுக்குள் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்த இடத்தை யாரும் நின்று கவனிப்பதில்லை.

இப்போது எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. படவேட்டில் ரேணுகாம்பாள் கோயில். அம்மன் அங்கே சிரசாக இருக்கிறாள். ஆடி வெள்ளிகளில் ஆரணிச் சுற்றுவட்டாரமே அங்கேதான். கதை எல்லோருக்கும் தெரியும். ஜமதக்னியின் மனைவி ரேணுகை தினமும் ஆற்று மணலில் குடம் செய்து நீர் கொண்டுவருகிறாள். ஒருநாள் வானத்தில் போகும் கந்தர்வனின் உருவம் நீரில் தெரிகிறது. மனம் ஒரு கணம் சலிக்கிறது, குடம் கரைகிறது. முனிவர் மகன்களை ஏவுகிறார். மற்றவர்கள் மறுக்க, பரசுராமன் தாயின் தலையை வெட்டுகிறான். பிறகு அவனே தாயின் உயிரை வரமாகக் கேட்கிறான்.

ஆழ்மன உளவியலுக்கென்றே யாரோ இட்டுக்கட்டிக் கொடுத்த மாதிரி இருக்கும். நீர் நனவிலி, நிழலுரு அடக்கிய ஆசை, குடம் கற்பு அல்லது கருப்பை, வெட்டு தாயிடமிருந்து மகன் பிரியும் நாடகம். ராபர்ட் கோல்ட்மன் 1978-இல் பரசுராமன் உள்ளிட்ட காப்பிய மகன்களை ஈடிபஸ் மோதலின் இந்திய வடிவங்களாக விரிவாகவே வாசித்தார். அவர் வடமொழி நூல்களைக் கரைத்துக் குடித்தவர். அவரோடு சண்டை போடலாம், கேலி செய்ய முடியாது. அவரைப் படிக்காமலே அந்த முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பம்பையும் உடுக்கையும் அடித்துப் பாடப்படும் கதை அங்கே முடிவதில்லை. மகன் துரத்த, ரேணுகை ஓடிச் சேரிக்குள் புகுகிறாள். அங்கே ஒரு பெண் அவளை அணைத்துக்கொள்கிறாள். பரசுராமன் இருவர் தலையையும் வெட்டுகிறான். வரம் வாங்கி உயிர்ப்பிக்கும்போது தலைகள் மாறிப்போகின்றன. ஒருத்தி மாரியம்மன் ஆகிறாள், ஒருத்தி எல்லையம்மன் ஆகிறாள். ஊருக்குள் யாருக்குக் கோயில், எல்லையில் யாருக்குக் கோயில், எந்தத் தலைக்குப் பூசை, எந்த உடம்பு யாருடையது என்ற கேள்விகளை எங்கள் ஊர்கள் இந்தக் கதையை வைத்துத்தான் பேசிவந்திருக்கின்றன. இதைத் தாய்-மகன் மனநாடகமாகச் சுருக்கினால் முதலில் காணாமல் போகிறவள் யார்? அடைக்கலம் கொடுத்ததற்காக வெட்டுப்பட்ட அந்தச் சேரிப் பெண். அவள் கதையில் ஒருமுறை செத்தாள். திறனாய்வில் பெயரில்லாமல் இன்னொரு முறை சாகிறாள். தலை என்பது அறிவு, உடல் என்பது இச்சை என்று ஒரு வாக்கியம் எழுதினால் போதும், சாதி என்ற பேச்சே எழாது. உளவியல் வாசிப்புக்கு இவ்வளவு வரவேற்பு ஏன் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு காரணம் இதுதான். தெருவில் நடந்ததை மனத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படவேட்டிலிருந்து எங்கள் பக்கம் வரும் கமண்டல நாகநதியில் ஆண்டில் பெரும்பகுதி மணல்தான். குடமே மணலில் செய்வது என்ற கற்பனை எங்கிருந்து வந்தது என்பதற்கு நனவிலிக்குள் இறங்க வேண்டியதில்லை, ஆற்றுக்குள் இறங்கினால் போதும்.

‘அப்படியானால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தேசங்களில் ஒரே கதை எப்படி முளைக்கிறது?’ என்பது எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி. பல சமயம் தொடர்பில்லை என்பதே தவறு. ரேணுகையின் தலைமாற்றக் கதையை ஜெர்மானியக் கவி கெதே ‘பாரியா’ என்று மூன்று கவிதைகளாக எழுதி 1824-இல் வெளியிட்டார். அது அவர் கனவில் எழவில்லை. சோனெரா என்ற பிரெஞ்சுக்காரர் இந்தியாவுக்கு வந்து கேட்டு எழுதி, 1782-இல் பாரிஸில் அச்சிட்ட பயண நூல் வழியாகப் போனது. கப்பலேறிப் போன கதை. கெதே அதில் எடுத்துக்கொண்டது தாய்-மகன் சிக்கலை அல்ல, பிராமணத் தலையும் பறையர் உடலும் சேர்ந்த அந்த இணைப்பைத்தான் என்பது இன்றைய திறனாய்வாளர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். வேதாளக் கதையில் வரும் இன்னொரு தலைமாற்றமும் அப்படித்தான் பயணம் செய்தது: ஹைன்ரிஷ் ஸிம்மர் வழியாகத் தாமஸ் மன்னிடம் போய் 1940-இல் ஒரு குறுநாவல், அதிலிருந்து கிரீஷ் கர்னாடின் ‘ஹயவதனா’ நாடகம்.

கூட்டு நனவிலிக்கு யுங் காட்டிய பெயர்பெற்ற சான்றையும் பாருங்கள். சூரிச் மனநல மருத்துவமனையில் ஒரு நோயாளி, சூரியனுக்கு ஆண்குறி தொங்குவதாகவும் அது அசைவதால்தான் காற்று பிறப்பதாகவும் சொன்னார். மித்ர வழிபாட்டுப் பழஞ்சுவடி ஒன்றிலும் சூரியனிலிருந்து ஒரு குழாய் தொங்குகிறது, காற்று அதிலிருந்து பிறக்கிறது. அந்தச் சுவடி 1910-இல் அச்சானது, நோயாளி படித்திருக்க வழியில்லை என்றார் யுங். ஆனால் 1910-இல் வந்தது இரண்டாம் பதிப்பு, முதல் பதிப்பு 1903-லேயே வந்துவிட்டது. நோயாளி அதற்கும் முன்பே அடைபட்டவர் என்று யுங் தரப்பு சொல்கிறது. இப்படிப்பட்ட விஷயங்கள் மலிவு நூல்களில் அதற்கு முன்பே புழங்கின என்று மறுதரப்பு சொல்கிறது. இத்தனை இழுபறியில் இருக்கும் ஒன்றின் மேல்தான் நம்மவர்கள் சங்கக் கவிதையைத் தூக்கி வைக்கிறார்கள்.

ஆசான்களே இவ்வளவு அவசரப்படவில்லை என்பது வேடிக்கை. ஃப்ராய்டு 1900 என்று தேதியிட்டு வெளியிட்ட கனவு நூலில், கனவு கண்டவர் தன் வாயால் என்னென்ன சேர்த்துச் சொல்கிறார் என்பதைக் கேட்காமல் பொருள் சொல்லக் கூடாது என்று வற்புறுத்துகிறார். பொதுக் குறியீடுகளின் பட்டியல் பிந்தைய பதிப்புகளில்தான் ஊதியது. 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய கிரீந்திரசேகர் போஸ், தன் இந்திய நோயாளிகளிடம் ஃப்ராய்டு சொல்லும் காயடிப்பு அச்சம் ஐரோப்பியர்களிடம் இருக்கிற அளவுக்குத் தெரியவில்லை என்று அவருக்கே எழுதினார். ஏ.கே. ராமானுஜனும் ‘இந்திய ஈடிபஸ்’ கட்டுரையில், நம் கதைகளில் கோபம் பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகன்மேல் பாய்கிறது என்று திசையையே திருப்பிக் காட்டினார். கோட்பாட்டோடு மல்லுக்கட்டிய இவர்களை விட்டுவிட்டு, பட்டியலை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம்.

ஆழ்மன உளவியலை உருப்படியாகச் செய்தவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் இலங்கையின் கணநாத் ஒபேயசேகரவைக் காட்டுவேன். சடைமுடி என்றால் இன்ன பொருள் என்று எட்மண்ட் லீச் 1958-இல் பொதுச் சமூகக் குறியீடாக வகுத்து எழுதியிருந்தார். ஒபேயசேகர கதிர்காமத்தில் சடை விழுந்த பெண் அடியார்களிடம் உட்கார்ந்து கதை கேட்டார். ஒருத்திக்குச் சடை எப்போது விழுந்தது, அப்போது வீட்டில் யார் இறந்திருந்தார், கணவனோடு உறவு எப்படி முறிந்தது, எந்தத் தெய்வம் கொடுத்தது என்று அவள் நம்புகிறாள் என்று ஆளாளாகக் கேட்டு, 1981-இல் ‘மெடூசாவின் கூந்தல்’ நூலை எழுதினார். சடை எல்லோருக்கும் பொதுவானதுதான். அதில் அவரவர் சொந்த வலியை ஏற்றிக்கொண்டார்கள், கதிர்காமத்து வழிபாடு அதற்கு இடம் கொடுத்தது. அவரும் ஃப்ராய்டு வழிக்காரர்தான். ஆனால் அகராதியைப் புரட்டவில்லை, ஆளைக் கேட்டார்.

யுங் எங்கள் மாவட்டத்துக்கு வரவில்லை. 1938-இல் கல்கத்தாவில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவுக்காக வந்தவர், தெற்கே இறங்கித் திருவனந்தபுரம், இலங்கை வரை போனார். திருவண்ணாமலையில் ரமணர் அப்போது இருந்தார். யுங் போய்ப் பார்க்கவில்லை. ஏன் என்பதை ரமணரைப் பற்றி ஸிம்மர் எழுதிய நூலுக்கு 1944-இல் எழுதிய முன்னுரையில் அவரே சொல்கிறார்: ரமணர் இந்தியாவில் என்றும் இருந்துவந்த, என்றும் இருக்கப்போகிற ஒரு வகை, அந்த வகையை நாடெங்கும் பார்த்தாகிவிட்டது, தேடிப் போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மரியாதையோடுதான் எழுதுகிறார், தன் தயக்கத்தையும் மறைக்கவில்லை. ஆனாலும் நான் இவ்வளவு நேரம் எதை எதிர்த்து எழுதினேனோ அதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் இல்லை. படிமம் கைக்கு வந்துவிட்டது, ஆகையால் ஆளைப் பார்க்க வேண்டாம். கனவில் வருவதற்குப் பொருள் தேடாதே, கனவைக் காண்கிறவன் யார் என்று கேள் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதரை, மனித குலத்தின் கனவுகளுக்கு வரைபடம் போட்டவர் பார்க்காமலே கடந்து போனார்.

அதே முன்னுரையில் அவர் இன்னொருவரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். திருவாங்கூரில் சந்தித்த ரமண பக்தர் ஒருவர். ஆரம்பப் பள்ளி வாத்தியார் போல எளிமையான தோற்றம், பெரிய குடும்பம், பிள்ளைகளைக் காப்பாற்றும் பாடு. யுங் அவரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார். அந்த மனிதரைச் சந்தித்தது தனக்குக் கிடைத்த பேறு என்கிறார். ஞானத்தையும் சம்சாரத்தையும் சேர்த்து நடத்துகிற அவர்மேல் ஒரு பிரியம் அந்தப் பக்கங்களில் தெரிகிறது. வகை, என்றும் உள்ளது என்றெல்லாம் உயரத்தில் பறந்துகொண்டிருந்த எழுத்து அங்கே தரையிறங்கி ஓர் ஆளின் முகத்தைப் பார்க்கிறது. யுங்கைத் தமிழில் மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்த வாத்தியாரை மட்டும் எப்போதும் விட்டுவிடுகிறார்கள்.